தையல் பிரித்தால் போதுமா?

எதிரணி நண்பர் கேட்டார்: "தலையில் அடிபட்டவனை ஆஸ்பத்திரி காப்பாத்தியாச்சு. அப்புறம் சமுதாயம் என்னங்க செய்யணும்?" நான் சொல்றேன்.

என் அண்ணன் லேத் ஆபரேட்டர். பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடி. நாலு மாசம் கழித்து வேலைக்குப் போனார். "ஆளு நல்லாத்தானே இருக்கான்" என்றார்கள். கை, கால் நல்லாத்தான் இருக்கு. ஆனால் மூளை சீக்கிரம் களைச்சுப் போகுது. ரெண்டு பேர் சேர்ந்து பேசினால் குழம்புது. காலையில் சொன்னது மத்தியானம் மறக்குது. இது சோம்பேறித்தனம் இல்லீங்க, காயத்தோட மிச்சம்! பத்தாம் நாள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அரசாங்க வேலையில் இருப்பவர் மாற்றுத்திறனாளி ஆகிவிட்டால் நீக்கக் கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு என்று 1995-ம் வருஷச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2016-ம் வருஷச் சட்டமும் அதையே சொல்கிறது. அந்தப் பிரிவு தனியார் கம்பெனிக்குப் பொருந்தாது. ஏங்க, அங்கே வேலை செய்பவன் மண்டை என்ன இரும்பா?

முதலாளிமார்களே! லேத் வேண்டாம், அது ஆபத்து. ஸ்டோர்ஸில் உட்கார வையுங்கள். முதலில் அரை நாள், நடுவில் கொஞ்சம் ஓய்வு. செய்ய வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். போகப் போக நேரத்தைக் கூட்டுங்கள். உயிரை டாக்டர் மீட்டுக் கொடுத்துவிட்டார். பிழைப்பை மீட்டுக் கொடுக்க வேண்டியது நாம்தான்!