ஹோட்டல் வரட்டும், நம் பங்கு முதலில் எழுத்தில் வரட்டும்

(பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குடும்பங்களுடனான சந்திப்புக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் உங்களுக்கு ஓய்வு. அந்த நாளில் வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன கூட்டம் முடிந்து நான் காருக்குப் போகும்போது ஓர் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "ஐயா, டவுன்ல இன்னும் பெரிய மாநாட்டு ஹோட்டல் வேணும்னு சொல்றாங்களே, அது நமக்கு நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். வழக்கறிஞனிடம் ஒரே வார்த்தையில் பதில் கேட்பது கஷ்டம். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் அவர்கள் தரப்பு நியாயத்தைப் பேசுவோம். மாநாட்டு ஹோட்டல் எதற்கு? ஆயிரம் பேர், ஈராயிரம் பேர் வெளிநாட்டிலிருந்து கூட்டத்துக்கு வருகிறார்கள். ஏற்பாடு செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "மண்டபம் எங்கே? அதற்கு நடந்து போகும் தூரத்தில் எத்தனை அறைகள்?" என்பதுதான். அறை இல்லாவிட்டால் அந்த மாநாடு சிங்கப்பூருக்கோ பேங்காக்குக்கோ போய்விடும். 1985இல் பூத்ரா உலக வாணிப மையத்தைத் திறந்தபோதும், 2005இல் கேஎல்சிசி மாநாட்டு மையத்தைத் திறந்தபோதும் பக்கத்திலேயே ஹோட்டல் கட்டியது இதற்காகத்தான். 2025இல் மே மாதமும் அக்டோபர் மாதமும் ஆசியான் உச்சநிலை மாநாடுகள் கேஎல்சிசியில் நடந்தன. எத்தனை நாட்டுத் தலைவர்கள், எத்தனை அதிகாரிகள், எத்தனை நிருபர்கள்! அவ்வளவு பேருக்கும் படுக்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், கார் வேண்டும். அதில் நம் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. இந்த மண்டபத்தில் இருப்பவர்களிலேயே ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஆகவே ஹோட்டலே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

என் கேள்வி வேறு. யாருடைய நிலத்தில்? அங்கே இருந்தவர்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1881இல் கோலாலம்பூரில் தீ விபத்தும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வந்தன. அதற்குப் பிறகு பலகை வீடும் அத்தாப்புக் கூரையும் போய், செங்கல் கட்டடம் வந்தது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் இது. அதனால்தான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர். பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போட்டவர்களும், வண்டிகளைக் கோத்துவிட்டவர்களும், ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதியவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். என் அப்பாவும் அந்த யார்டில் இரவு ஷிப்ட் பார்த்தவர்தான். விடியற்காலையில் கிரீஸ் வாடையோடு வீட்டுக்கு வருவார்.

அந்த யார்டு இருந்த 72 ஏக்கர் நிலம்தான் இன்றைய கேஎல் சென்ட்ரல். ரயில் நிலையத்தைக் கட்டித் தருவதற்கு ஈடாக, சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தும் உரிமை ஒரு நிறுவனக் கூட்டமைப்புக்குப் போனது. 2001இல் நிலையம் திறந்தது. 2004இல் ஹில்டனும் லெ மெரிடியனும் திறந்தன. பெரிய விருந்து மண்டபங்கள், நூற்றுக்கணக்கான அறைகள். 2010 அக்டோபர் 27ஆம் தேதி நம் பிரதமரும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்து இந்தத் தெருவை லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்தார்கள். வளைவு கட்டினார்கள், வர்ணம் அடித்தார்கள்.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 72 ஏக்கரில் நமக்கு எழுத்தில் கிடைத்தது எத்தனை அடி? யார்டில் முதுகு ஒடிந்தவர்களின் பிள்ளைகளுக்கு எத்தனை வீடு ஒதுக்கினார்கள்? எத்தனை கடை? இந்தக் கேள்விகளை அன்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தரவும் ஆள் இல்லை. நிலம் கைமாறிய பிறகு வளைவுக்கு என்ன வர்ணம் என்பதைப் பற்றித்தான் நம்மிடம் பேசினார்கள்.

எழுத்து ஏன் இவ்வளவு முக்கியம்? மூன்று சட்ட விஷயங்களை எளிமையாகச் சொல்கிறேன்.

ஒன்று. 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டம். பள்ளிக்கூடம், சாலை, மருத்துவமனை போன்ற பொதுக் காரியத்துக்கு அரசாங்கம் நிலம் எடுக்கலாம் என்பது பழைய ஏற்பாடு. 1991இல் அதில் திருத்தம் கொண்டுவந்தார்கள். நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை என்று அரசு கருதினால், தனியார் நிறுவனத்துக்காகவும் நிலத்தை எடுக்கலாம். ஹோட்டல் பொருளாதார வளர்ச்சியா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. அதே சட்டத்தின் 68ஏ பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? எடுத்த நிலத்தைப் பிறகு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலும், வேறு ஆளுக்குக் கைமாற்றினாலும், அதைக் காரணம் காட்டி முதலில் எடுத்தது செல்லாது என்று வாதாட முடியாது.

இரண்டு. இழப்பீடு. போதுமான இழப்பீடு இல்லாமல் சொத்தை எடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அது யாருக்கு? கிராண்ட் வைத்திருப்பவருக்கு. எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில் வாய்ப்பேச்சு வாடகைக்கு இருப்பவரை, இழப்பீடு கேட்கும் தகுதியுள்ளவர் பட்டியலிலேயே அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்? வாடகை எழுத்து இல்லாமல் பதினைந்து வருடம், இருபது வருடம்! "முதலாளி நல்லவர் ஐயா" என்பீர்கள். முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். இடத்தை எடுக்கும்போது காசு அவர் பெயரில்தான் வரும்.

மூன்று. டிஓஎல் என்ற தற்காலிக உரிமம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பாட்டி என் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் பையில் பழைய ரசீதுகள். வருடம் தவறாமல் நில அலுவலகத்தில் காசு கட்டியிருக்கிறார். ரசீதுகளை வருட வரிசைப்படி அடுக்கி ரப்பர் போட்டு வைத்திருந்தார். "எல்லாக் காசும் கட்டிட்டேன் தம்பி, வீடு என் பேருக்கு வந்துடும்ல?" என்று கேட்டார். டிஓஎல் எந்த மாதம் எடுத்தாலும் அந்த வருடம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். நாற்பது வருடம் கட்டினாலும் அது நாற்பது தனித்தனி வருட உரிமம், அவ்வளவுதான். அதை அந்தப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த ரப்பர் வளையம் என் கண்ணில் நிற்கிறது.

வாய்மொழி வாக்குறுதிக்கு என்ன ஆகும் என்பதற்கு புக்கிட் கியாரா ஓர் உதாரணம். அது ரப்பர் தோட்டம். 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் நிலத்தை எடுத்தது. தோட்டப் பாட்டாளிகளை நீண்ட வீடுகளில் வைத்தார்கள், நிரந்தர வீடு வரும் என்று சொன்னார்கள். தோட்டம் இருந்த மலையில் கோல்ஃப் மைதானம் வந்தது. சுமார் நூறு குடும்பங்கள் மட்டும் ஒழுகும் கூரைக்குக் கீழே நாற்பது வருடம் கடத்தின. கடைசியில் இந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்டித்தருகிறோம் என்று சொல்லி, அதோடு சேர்த்து ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் உயரமான கொண்டோக்கள் கட்ட அனுமதி கொடுத்தார்கள். பக்கத்துத் தாமான்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி ரத்தானதை உறுதி செய்தது.

சட்டப்படி அது நல்ல தீர்ப்பு. டத்தோ பண்டார் நினைத்தபடி அனுமதி கொடுக்க முடியாது, நகரத் திட்டத்தை மதிக்க வேண்டும், முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற பாதுகாப்பு அதில் நமக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் நீண்ட வீட்டுக்காரர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய ஏழ்மையைக் காட்டித்தான் கொண்டோவுக்கு அனுமதி வாங்கினார்கள். அனுமதி போனபோது வீடும் அதோடு நின்றது. 1980களிலேயே அவர்கள் கையில் முத்திரை குத்திய ஒரே ஓர் ஒப்பந்தம் இருந்திருந்தால், அவர்களுடைய வீடு யாருடைய கொண்டோவையும் நம்பி இருந்திருக்காது.

கோலாலம்பூரில் டத்தோ பண்டாரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியாது. அதனால் இந்த நகரத்தில் நமக்குக் காகிதம் இன்னும் அவசியம்.

சரி, வேலைக்கு வருவோம். ஹோட்டல் வந்தால் வேலை வரும் என்கிறார்கள். வரும். எப்படிப்பட்ட வேலை?

அறை சுத்தம் செய்யும் ஒரு தங்கை சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஹோட்டல் பெயர் வேண்டாம். சீட்டில் ஹோட்டலின் பெயரே இல்லை, குத்தகைக்காரர் பெயர்தான் இருந்தது. அவர் தினமும் அதே ஹோட்டலில்தான் கட்டில் விரிக்கிறார். விருந்தாளி பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் கட்டுகிறார். அதில் இவருக்கு ஒரு சென் கிடையாது, ஏனென்றால் இவர் ஹோட்டல் ஊழியர் இல்லையாம்!

இதிலும் சட்டம் நமக்குக் கொஞ்சம் துணை இருக்கிறது. சேவைக் கட்டணத்தைச் சேர்த்துக் காட்டி, குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று ஹோட்டல்கள் கணக்குச் சொல்லிவந்தன. ஹோட்டல் ஊழியர் சங்கம் விடாமல் போராடியது. 2021இல் கூட்டரசு நீதிமன்றம், சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குச் சேர வேண்டிய காசு, அதைக்கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்ப முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. உங்கள் சீட்டில் அடிப்படைச் சம்பளம் மட்டும் அந்த அளவுக்கு இருக்கிறதா, சேவைக் கட்டணம் அதற்கு மேல் வருகிறதா என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். குறைவாக இருந்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், என்னிடமும் வாருங்கள்.

மாநாட்டு ஹோட்டல் வேலைக்கு இன்னொரு பலவீனம் உண்டு. மாநாடு நின்றால் ஹோட்டல் நிற்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பார்த்தோமே. பினாங்கில் முப்பது ஆண்டுகள் நடந்த ஈக்குவட்டோரியல் ஹோட்டலே 2021 மார்ச்சோடு மூடப்பட்டது. ஹோட்டலை நம்பி வீட்டையும் கடையையும் விட்டுக்கொடுத்தவனுக்கு, ஹோட்டல் மூடினால் என்ன மிச்சம்?

ஆகவே நாம் என்ன செய்ய வேண்டும்? ஐந்து காரியங்கள்.

முதலாவது, நீங்கள் குடியிருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த மாதமே தேடிப் பாருங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யாரும் நிலத் தேடல் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கோவில் நிர்வாகங்களும் இதைச் செய்ய வேண்டும். மஸ்ஜித் இந்தியா சாலைப் பக்கம் உள்ள ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோவில் நிலத்தை மாநகராட்சி 2014லேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2025இல்தான் விஷயம் வெடித்தது. பிறகு பக்கத்தில் மாற்று இடம் என்று முடிவானது. நடுவில் பதினோரு வருடம் போய்விட்டது.

இரண்டாவது, வாடகைக்கு இருப்பவர்கள் எழுத்து வாங்குங்கள், முத்திரை போடுங்கள்.

மூன்றாவது, மாற்று வீடு அதே வட்டாரத்தில் வேண்டும். சாவி கைக்கு வந்த பிறகுதான் பழைய வீட்டில் கை வைக்க வேண்டும்.

நான்காவது, கடை, வேலை, கோவில், பள்ளி பற்றிய வாக்குறுதிகளை அமைச்சர் மேடையில் சொன்னால் போதாது. மாநகராட்சி வழங்கும் மேம்பாட்டு அனுமதியிலேயே அவை நிபந்தனையாக வர வேண்டும். வட்டாரத்து ஆட்களுக்கு இத்தனை நேரடி வேலை, பூக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் இத்தனை இடம், இத்தனை வருடத்துக்கு இந்த வாடகை என்று எண்ணாகவே எழுத வேண்டும்.

ஐந்தாவது, கையகப்படுத்தும் நோட்டீஸ் வந்தால் அதை அலமாரியில் வைக்காதீர்கள். விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். நில நிர்வாகி தீர்மானித்த இழப்பீடு போதாது என்றால், பாரம் என் நிரப்பி உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். விசாரணைக்குப் போனவருக்கு ஆறு வாரம்தான் தவணை. ஆறு வாரம் தாண்டி என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த அம்மா இன்றும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். அம்மா, உங்கள் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. இடிப்பதற்கு முன்னால் எழுத்து வந்தால் ஹோட்டல் நமக்கு நல்லது. எழுத்து வராமல் இடித்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் பின்வாசலில்தான் நமக்கு இடம்.

தனித்தனியாகப் போய்க் கேட்டால் விரட்டுவார்கள். இருநூறு குடும்பம் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். வெளியே மேசையில் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டு முகவரி, இடம் யார் பெயரில், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், இவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ரசீது இருந்தால் அடுத்த வாரம் கொண்டுவாருங்கள். எவ்வளவு பழைய ரசீதானாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள்.