படுகையைக் காப்பவர் யார்?
(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேர்தல் வருந்தோறும் 'நாங்களே நிலத்தின் காவலர்' என்று எல்லாக் கட்சிகளும் முழங்குகின்றன. முழக்கத்தைக் கேட்டுக் கட்சியை எடைபோடுதல், வைக்கோற்போரைக் கண்டு நெல்விளைச்சலை மதிப்பிடுதல் போன்றதாகும். ஆட்சியில் இருந்தபொழுது எதில் கையெழுத்திட்டார்கள், எதைச் சட்டமாக்கினார்கள் என்பவற்றையே நாம் பார்த்தல் வேண்டும். காவிரிப் படுகையையே அதற்கு அளவுகோலாகக் கொள்வோம்.

2010-இல், காங்கிரசு தலைமையிலான நடுவணரசு, தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் மீத்தேன் எரிவளி எடுக்கத் தனியார் குழுமம் ஒன்றுக்கு இசைவளித்தது. 2011 சனவரியில், தி.மு.க. அரசு அக்குழுமத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அஃது ஆய்வுக்கானதே என்பது அக்கட்சி பின்னர்க் கூறிய விளக்கம்.

நிலக்கரிப் படிவத்திலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் அவ்வளி வெளிப்படும். கடலோரச் சமவெளியில் அவ்வாறு இறைத்தால், ஊற்றுநீர் தாழும்; உவர்நீர் உட்புகும் என்று உழவர் அஞ்சினர். இதனை ஊர்தோறும் சென்று உரைத்த நம்மாழ்வார், அப்பணியினிடையே 2013 திசம்பர் 30-இல் பட்டுக்கோட்டைக்கு அருகில் உயிர்நீத்தார்.

அ.இ.அ.தி.மு.க. அரசு 2013-இல் அத்திட்டத்தை நிறுத்திவைத்தது, 2015-இல் தடைசெய்தது, 2020-இல் படுகையைக் காக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தையும் இயற்றியது. இது பாராட்டத்தக்கதே. ஆயினும் சட்டத்தைப் படித்துப் பாருங்கள்! ஏற்கெனவே இயங்கிவந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. முதல் அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் அச்சட்டத்தில் இடம்பெறவில்லை.

பா.ச.க. தலைமையிலான நடுவணரசோ, 2017-இல் நெடுவாசலில் நீர்க்கரிமம் எடுக்க முனைந்தது. 2020 சனவரியில், எண்ணெய், எரிவளி ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்தைக் கேட்கவேண்டியதில்லை என்று விதியையே தளர்த்தியது. 2023-இல் படுகையின் நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்தது. அப்பொழுது மாநிலத்தை ஆண்ட தி.மு.க. அரசு அதனை எதிர்த்தது. சில நாள்களில் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2011-இல் கையெழுத்திட்ட கட்சியே 2023-இல் மறுத்தது.

இவற்றால் நாம் அறிவதென்ன? தில்லியில் எக்கட்சி ஆண்டபொழுதும் படுகை எரிபொருட் சுரங்கமாகவே காணப்பட்டது. மாநிலக் கட்சிகள் உழவரின் சினம் கண்டபின்னரே உறுதி பெற்றன. அதற்காக 'எல்லாரும் ஒன்றே' என்று சொல்லி ஒதுங்குதல் சோம்பலேயாகும். ஒரு கட்சி இயற்றிய சட்டமும், மற்றொரு கட்சி காட்டிய எதிர்ப்பும் உழவனுக்குப் பயன்பட்டன. ஆனால், நெடுவாசலில் நாள்கணக்கில் அமர்ந்திருந்த பெண்களும் முதியோரும் இல்லையேல் எக்கட்சியும் அசைந்திராது!

ஆகவே, வாக்குக் கேட்டு வருவோரிடம் மூன்று வினாக்களை எழுப்புங்கள். விடுபட்ட மாவட்டங்களைச் சட்டத்தில் சேர்ப்பீர்களா? பழைய கிணறுகளை எந்த ஆண்டிற்குள் மூடுவீர்கள்? இனிச் செய்யும் எந்த உடன்படிக்கையையும், கையெழுத்திடுமுன் தமிழில் அச்சிட்டு ஊர்மன்றத்தில் படித்துக்காட்டுவீர்களா?

விடையை எழுத்தில் பெறுங்கள். பேச்சு காற்றோடு போகும். எழுத்து நின்று வினவும்.