ஊஃபர் மாற்றுமுன் பெட்டியை அளந்து பாருங்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



நம்மில் சிலர் ஆசாரியிடம் சொல்லி மரப்பெட்டி செய்து சப்ஊஃபர் வைத்திருக்கிறோம். ஸ்பீக்கர் போய்விட்டால் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடையில், "எட்டு இஞ்ச் ஒன்று கொடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறோம். துளையில் உட்காரும், ஆனால் கணக்கு டேலி ஆகாது.

பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. 1961-இல் நெவில் தீல், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் என்று ஆஸ்திரேலியாவில் இருந்த இருவர் இதைக் கணக்காக்கித் தந்தார்கள். ஸ்பீக்கருடன் வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று இருப்பவை அந்த எண்கள்தான். க்யூடிஎஸ் சுமார் 0.4-க்குக் கீழே என்றால் பொதுவாகக் குழாய் வைத்த பெட்டி. மேலே என்றால் மூடிய பெட்டி.

பெட்டியின் உள் அளவை எடுங்கள். 40, 30, 30 செ.மீ. என்றால் பெருக்கி 1000-ஆல் வகுக்க 36 லிட்டர். அதையும் பழைய ஸ்பீக்கரின் ஓம் அளவையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் கேட்டால் 2 ஓம் மாட்டாதீர்கள், சூடாகிக் கெடும்.

கோன் மட்டும் கிழிந்திருந்தால் மைக் செட் பழுதுபார்ப்பவரிடம் முதலில் காட்டுங்கள். பெட்டிக்குப் பொருந்திய ஸ்பீக்கர் பிழைத்துவிடலாம்.

புதியது மாட்டியதும் வால்யூமைக் குறைத்து வையுங்கள். பாட்டு நமக்கு; கீழ் வீட்டுக்கு கான்கிரீட் வழியே இறங்குவது வெறும் 'தும் தும்'. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கலாம், தூக்கம் வராத பெரியவரும் இருக்கலாம்.