ஆல்ப்ஸ் போகப் பாஸ் வேண்டாம்

லாக்டவுன் டைம்ல நீங்க பண்ண கிறுக்குத்தனம் என்னன்னு போன எபிசோட்ல கேட்டிருந்தேன். வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல டல்கோனா காபி. சரி, இன்னிக்கு என் கதை. பிரான்ஸ்ல ஒரு மலை, நாலு சைக்கிள், ஒரு பாட்டி.

முதல்ல காலாப்பட்டு மேப்பைப் புரிஞ்சுக்கணும். பாண்டி டவுன்லேர்ந்து ஈசிஆர்ல வடக்கே வாங்க. முத்தியால்பேட்டை முடிஞ்சதும் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். கொஞ்ச தூரம் போனா காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. யுனிவர்சிட்டி எல்லாம் இங்கதான். அதைத் தாண்டினா திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் ஒரு துண்டு, இங்கிலீஷ்காரன் ஒரு துண்டுன்னு பிடிச்சு வச்சிருந்த காலத்து மிச்சம் இது. 1954 நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு, 1962ல சட்டப்படி கைமாறிச்சு. ஆனா துண்டு துண்டாவேதான் இருக்கு. சாதாரண நாள்ல இந்த எல்லை யார் கண்ணுக்கும் தெரியாது. ஒயின் ஷாப் போர்டைப் பாத்துத்தான் எந்த ஸ்டேட்ல இருக்கோம்னு கண்டுபிடிக்கணும்.

2020 ஏப்ரல்ல நல்லாவே தெரிஞ்சுது. கோட்டக்குப்பத்துல தடுப்பு போட்டாச்சு. நானும் என் ரூம்மேட்டும் காலாப்பட்டுல. அவனை வளர்த்த பாட்டி முத்தியால்பேட்டையில, தனியா. தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்களை பாண்டியில அப்படித்தான் சொல்லுவாங்க. அவர் போய்ப் பல வருஷமாச்சு. நடுவுல பத்து கிலோமீட்டர்தான். ஆனா ரெண்டு எல்லை. பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு குடுத்துட்டு இருந்தாங்க. இவன் தினமும் வீடியோ கால் போடுவான். பாட்டி போனைக் காதுல வச்சுக்குவாங்க, இவனுக்கு ஸ்க்ரீன்ல கம்மல் மட்டும்தான் தெரியும்.

எங்க செட்ல நாலு பேர். ஒருத்தன் வேளச்சேரி, ஒருத்தன் லாஸ்பேட்டை. சும்மா இருக்க முடியாம ஸ்விஃப்ட்னு ஒரு ஆப்ல இறங்கினோம். மாருதி கார் இல்ல, இது வேற. சைக்கிளோட பின் சக்கரத்தைக் கழட்டிட்டு டிரெய்னர்ல மாட்டணும். ஸ்க்ரீன்ல மேடு வந்தா ஆப் ப்ளூடூத்ல சேதி அனுப்பும், உள்ள இருக்கிற மின்காந்தம் இறுக்கும், பெடல் கல்லு மாதிரி ஆகும். அந்த ஸ்மார்ட் டிரெய்னர் ரூம்மேட் கிட்ட மட்டும்தான். மத்த மூணு பேருக்கும் சாதா டிரெய்னர், ஒரு ஸ்பீட் சென்சார். எங்களுக்கு மேடு காலுக்குத் தெரியாது, ஸ்க்ரீன்ல பொம்மை மட்டும் ஆமை மாதிரி போகும்.

அதுல ஒரு ஏத்தம் இருக்கு. பிரான்ஸ்ல ஆல்ப்-டுவேஸ்னு நிஜ மலை ஒண்ணு இருக்கே, அதோட வளைவையும் சரிவையும் அப்படியே எடுத்துப் போட்டிருப்பாங்க. டூர் டி பிரான்ஸ் அங்க முதல்ல போனது 1952ல, ஜெயிச்சது ஃபௌஸ்டோ கோப்பி. மொத்தம் 21 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் அங்க ஜெயிச்சவங்க பேரோட போர்டு. நம்பர் கீழேர்ந்து மேல 21, 20, 19னு இறங்கிட்டே வரும். ஏற்காட்டுல 20 இருக்கு, கொல்லிமலையில 70, இதென்ன பெருசுன்னு லாஸ்பேட்டைக்காரன் ஆரம்பத்துல கலாய்ச்சான். ஆனா ஆப்ல 12 கிலோமீட்டர்ல ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும். சராசரி சரிவு 8 சதவீதத்துக்கு மேல. எங்க ஊர்ல பெரிய ஏத்தம்னா ஸ்பீட் பிரேக்கர்தான்.

கணக்கு சிம்பிள். ஆளு 78 கிலோ, சைக்கிள் 8. சராசரி 170 வாட்ஸ்ல மிதிச்சா மேல போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. அக்னி நட்சத்திரம், கடலோரப் புழுக்கம், ரெண்டு டேபிள் ஃபேன். வெளியில ஓட்டினா காத்தாவது வரும், இதுல நின்ன இடத்துலயே வேகணும். கீழ பாய் நனைஞ்சு ஒரு குளமே ஆயிடுச்சு. லாஸ்பேட்டைக்காரன் மட்டும் ஜாலியா முன்னாடி போறான். என்னடான்னு பாத்தா எடைன்னு கேட்ட இடத்துல 55 கிலோன்னு போட்டிருக்கான்! ஆள் 80க்குக் கீழ இல்ல. டிஸ்கார்ட்ல விழுந்த திட்டை இங்க எடிட் பண்ணிட்டேன்.

ஆறாவது வளைவுல காலாப்பட்டுல கரண்ட் போச்சு. ஸ்க்ரீன் அவுட். வைஃபை அவுட். ரூம்மேட் நிறுத்தல. இருட்டுல ஹாட்ஸ்பாட் போட்டு, ஆப்பை போன்ல திறந்து, மறுபடி அடிவாரத்துலேர்ந்து ஆரம்பிச்சான். வேண்டாம்டான்னேன். "இதையாவது முடிக்கிறேன்டா"ன்னான். அந்த 'இதையாவது'க்கு எனக்குப் பதில் வரல. பக்கத்துல உக்காந்து விசிறிட்டு இருந்தேன்.

ராத்திரி பாட்டிக்குப் போன் போட்டு, "பிரான்ஸ்ல மலை ஏறிட்டு வந்தேன் பாட்டி"ன்னு சொன்னான். பாட்டி கேட்டாங்க: "அங்க போக மட்டும் பாஸ் குடுத்தானா?"

நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல. போனை வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டான்.

ஜூன்ல அவனுக்குப் பாஸ் கிடைச்சுது. பைக் இருந்தும் சைக்கிளைத்தான் எடுத்தான். மறிச்சுட்டா எங்களுக்குத் தெரியட்டும்னு லைவ் லொகேஷன் போட்டான். காலையில ஆறு மணிக்கு மூணு பேரும் கால்ல உக்காந்து அந்த நீலப் புள்ளியைப் பாத்துட்டு இருக்கோம். காலாப்பட்டு தாண்டுது. கோட்டக்குப்பத்துல நாலு நிமிஷம் நின்னுச்சு. எவனும் பேசல. அப்புறம் நகர்ந்துச்சு. வேளச்சேரிக்காரன் மைக்கை ஆன் பண்ணி ஆப்ல வர்ற மாதிரியே "ஒன் கிலோமீட்டர் டு கோ"ன்னான்.

புள்ளி முத்தியால்பேட்டைக்குள்ள ஒரு சந்துல திரும்பி நின்னுச்சு. போன் போட்டோம், எடுக்கல. ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஒரு மெசேஜ்: "சாப்டாச்சு. தூங்கப் போறேன்."