அக்கி மாத்திரையும் ஆயுளும்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் நோயாளிகளை நீங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வருகிறீர்கள். இன்று உங்களோடு ஒரு சிறிய மாத்திரையைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

பல வருஷங்களுக்கு முன், துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் வாலிபர் ஒருவர் எங்களிடம் வந்தார். வயது முப்பதைத் தாண்டவில்லை. விலாவைச் சுற்றி அக்கி. குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டும் வலி தாங்காமல் வந்திருந்தார். களிம்பு கொடுத்து அனுப்பினோம். இளவயதில் அக்கி படர்ந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது நல்லது என்று அறிந்திருந்தும், அதைக் கேட்கக் கூச்சப்பட்டோம். இரண்டு வருஷம் கழித்துக் காசநோயோடு எலும்பும் தோலுமாய்த் திரும்பி வந்தார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் கூச்சத்தை இன்றும் எங்களால் மறக்க முடியவில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது நமது சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அந்நாளில் எச்.ஐ.வி.க்கு மருந்து இல்லை. அக்கிக்கோ அசைக்ளோவிர் இருந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவி கெர்ட்ரூட் எலியன், 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அக்கியை உண்டாக்கும் வைரஸும், உதட்டிலும் மறைவிடத்திலும் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸும் ஒரே குடும்பம். உடலில் நுழைந்தால் அவை போவதில்லை. நரம்பில் பதுங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழும்பும். ஹெர்பிஸ் எழும்பும்போது எச்.ஐ.வி.யும் இரத்தத்தில் பெருகுகிறது. அப்படியானால் ஹெர்பிஸை அடக்கினால் ஆயுள் நீளுமா?

1990-களில் இதைச் சோதித்தார்கள். சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. எட்டு ஆய்வுகளின் சுமார் 1,800 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 1998-ல் கணக்கிட்டபோது, அசைக்ளோவிர் உட்கொண்டவர்களிடையே மரணம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2010-ல் ஆப்பிரிக்காவில், இரண்டு வைரஸும் உள்ள 3,300-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. தினம் இருவேளை 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது. ஆனால் வாழ்க்கைத்துணைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை அது தடுக்கவில்லை.

ஆகையால் அந்த மாத்திரை செய்தது சிறிய உதவி. ஆயுளைக் காக்கும் பெரிய உதவி எச்.ஐ.வி.யையே அடக்கும் கூட்டு மருந்து. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. 2017 முதல், தொற்று உறுதியான யாவருக்கும் காத்திருக்காமல் தொடங்கலாம் என்றாயிற்று. அதை ஒழுங்காக உட்கொண்டு வைரஸ் அடங்கியிருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை. அசைக்ளோவிர் இன்று புண்ணை ஆற்றவே பயன்படுகிறது.

ஆனாலும் அந்தப் புண்ணை நாங்கள் இப்போது அற்பமாக எண்ணுவதில்லை. அக்கியோடு வருகிறவரை மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. தனியறையில் உட்கார வைத்து, பரிசோதனையைப் பற்றிச் சொல்லி, அவர் சம்மதித்தால் செய்கிறோம். தொற்று இருந்தால் எங்களில் ஒருவர் அவரோடு அரசு மையத்துக்குப் போகிறார். மருந்துக்குக் காசில்லை. பஸ் செலவுக்கும், இழக்கும் ஒருநாள் கூலிக்கும்தான் நீங்கள் கொடுப்பது உதவுகிறது.

இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் சபையில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தால், எப்படி வந்தது என்று கேளாதிருங்கள். மருந்து சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அந்த வாலிபரிடம் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியை, நீங்களும் நாங்களும் சேர்ந்து இனி அன்போடு கேட்போமாக.