நாய், பூனை மருந்துக்குத் தனி டப்பா

வில்லியனூர்ப் பக்கம் நாய், பூனை வளர்க்கும் வீடுகள் பல. அவற்றின் மருந்தை உங்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு சேர்த்து வைக்காதீர்கள். தனி டப்பாவில் பெயர் எழுதி, உயரமான அலமாரியில் பூட்டி வையுங்கள். இறைச்சி வாசனையுள்ள மாத்திரை என்றால் நாய் அட்டையோடு தின்றுவிடும்.

நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒன்றே ஒன்று போதும், பூனையின் உயிர் போய்விடும். நாய்க்குத் தடவும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனைக்கு விஷம்தான். இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசர் வேண்டாம்.

மாதக் கடைசியில் பாஸ்புக் பார்ப்பதுபோல் காலாவதித் தேதியையும் பாருங்கள். தவறித் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், அட்டையை எடுத்துக்கொண்டு குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு உடனே கிளம்புங்கள். என்ன மருந்து, எத்தனை மாத்திரை என்று மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த அட்டைதான் பதில்.