பத்திரம் சொல்லாததைக் கடிதம் சொன்னது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எப்பவும் கடன், தவணை, கணக்கு என்றே பேசுறோம். இன்னைக்கு ஒரு கதை சொல்லலாம்னு வந்திருக்கேன். கட்டுக்கதை இல்லை, நடந்த கதை. 150 வருஷத்துக்கும் முன்னாடி நார்வே என்கிற குளிர் நாட்டில் இருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், வெறும் புல்வெளியை விளைநிலமாக்கின ஒரு விவசாயக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் குரோ ஸ்வென்ட்சன்.

ஏன் ஊரை விட்டுப் போனாங்க?

நார்வே மலையும் கடலும் நிறைந்த நாடு. அங்கே நூறு ஏக்கர் இருந்தால் உழுது பயிர் செய்யத் தோதான நிலம் மூணு, நாலு ஏக்கர்தான். ஜனத்தொகையோ 1800க்கும் 1900க்கும் நடுவில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. பண்ணை பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போகும். மற்ற பிள்ளைகளுக்கு வழி? நிலம் இல்லாதவங்க பெரிய பண்ணைக்காரர் இடத்தில் ஒரு குடிசையும் துண்டு நிலமும் வாங்கிக்கிட்டு, அதற்குப் பதிலா அவர் வயலில் உழைக்கணும். காலம் முழுக்க அந்த உழைப்புதான்.

1825ஆம் வருஷம் ஸ்டாவாங்கர் துறைமுகத்தில் இருந்து ஒரு சின்னக் கப்பலில் 52 பேர் முதன்முதலா அமெரிக்கா கிளம்பினாங்க. நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, 53 பேராக நியூயார்க்கில் இறங்கினாங்க. அதற்குப் பிறகு 100 வருஷத்தில் 8 லட்சம் பேர் அந்தக் கடலைத் தாண்டிப் போனாங்க.

1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. குடும்பத் தலைவராக இருப்பவர் 160 ஏக்கர் நிலம் கேட்டு எழுதிப் போடலாம். அதில் வீடு கட்டி, பயிர் வைத்து, 5 வருஷம் குடியிருந்தால் நிலம் அவருக்குச் சொந்தம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஒரு கூலியாளுக்கு அன்றைக்கு இரண்டு மூணு வாரச் சம்பளம்.

அதே 1862இல்தான் ஹாலிங்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த குரோ, கணவர் ஊலேயோடு கப்பல் ஏறினாங்க. அப்போ அவங்களுக்கு 21 வயசு. பாய்மரக் கப்பல் கரை சேர வாரக்கணக்கில் ஆகும். சாப்பாட்டை அவரவரே கட்டிக்கொண்டு போகணும். காய்ந்த ரொட்டி, உப்பு போட்ட இறைச்சி, பாலாடைக்கட்டி, துணிமணி எல்லாம் ஒரு பெரிய மரப்பெட்டிக்குள். பலர் நூல் நூற்கும் ராட்டையையும் விடாமல் தூக்கிக்கிட்டுப் போனாங்க.

சும்மா கிடந்த நிலமா அது?

இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். குரோ குடும்பம் 1863இல் போய்ச் சேர்ந்த இடம் அயோவா மாநிலத்தில் எஸ்தர்வில் என்கிற ஊருக்குப் பக்கம். அந்தப் புல்வெளி டக்கோட்டா என்கிற பூர்வகுடி மக்களுடையது. 1851இல் ஒப்பந்தம் என்ற பெயரில் நிலத்தை எழுதி வாங்கினாங்க. பேசின பணம் நேரத்துக்கு வராமல், ஜனங்கள் பசியில் வாடி, 1862 ஆகஸ்டில் பக்கத்து மின்னசோட்டாவில் சண்டை வெடித்தது. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கானவங்க செத்தாங்க. அந்த டிசம்பரில் 38 டக்கோட்டா ஆண்களை ஒரே நாளில் தூக்கில் போட்டாங்க. பிழைக்க வந்த ஏழைக்குக் கிடைத்த நிலம், இன்னொரு ஏழையிடம் பிடுங்கின நிலம். இரண்டையும் சேர்த்தே நாம் தெரிஞ்சுக்கணும்.

அந்தப் பெண் செய்த வேலை

மரம் கிடைக்காத இடங்களில் குடியேறினவங்க புல்லோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமா வெட்டி அடுக்கிச் சுவர் வைச்சாங்க. மழை பெய்தால் கூரையில் இருந்து சேறு சொட்டும். பாம்பும் எலியும் உள்ளே வரும். விறகு கிடைக்காத இடத்தில் காய்ந்த புல்லை முறுக்கி அடுப்பு எரிச்சாங்க. வேர் பின்னிக் கிடந்த அந்த நிலத்தை முதல் தடவை உழ, பல ஜோடி எருதுகளைப் பூட்டணும்.

குரோ தன் பெற்றோருக்கு எழுதின கடிதங்களில் பெரிய பெரிய விஷயம் எதுவும் இல்லை. வீட்டு வேலைதான். நார்வேயில் கோடைக்காலத்தில் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய், அங்கேயே பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்வது பெண்களின் கைத்தொழில். தலைமுறை தலைமுறையா வந்த பக்குவம். புது ஊரில் அது பலிக்கவில்லை. கோடை வெயிலில் பால் தங்காது. ஈயும் பூச்சியும் மொய்க்கும், பாலாடைக்கட்டி போட முடியாது. வெண்ணெய் கெடாமல் இருக்க உப்புத் தண்ணீர் ஊற்றி வைக்கணும். எல்லாத்தையும் புதுசா கத்துக்கணும்.

இடி மின்னலைப் பார்த்துப் பயந்ததையும், காய்ந்த புல்வெளி தீப்பிடித்து எரிவதையும் எழுதினாங்க. இன்னொன்றும் எழுதினாங்க. அமெரிக்காவில் பொம்பளைங்களுக்கு வேலை கம்மி, ஓய்வு ஜாஸ்தின்னு ஊரில் சொல்லித்தான் அனுப்பினாங்களாம். அப்படிச் சொல்கிற ஒரு பெண்ணைக்கூட இங்கே பார்க்கவில்லை என்று வீட்டுக்கு எழுதிப் போட்டாங்க. (சிரிப்பு) நீங்க சிரிக்கிறதுலேயே தெரியுது, நல்லாவே புரிஞ்சிருக்கு.

அங்கே அப்போ உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. போர் முடியும் தறுவாயில் ஊலேயையும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டாங்க. மொழி சரியா வராத ஊரில், சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு குரோ காத்திருந்தாங்க. 1865இல் போர் முடிந்து அவர் உயிரோடு திரும்பி வந்தார்.

கொஞ்சம் நிமிரும்போது வந்தது வெட்டுக்கிளி. 1873இல் இருந்து 1877 வரைக்கும் மின்னசோட்டாவிலும் வடமேற்கு அயோவாவிலும் வருஷா வருஷம் பயிரை அழித்தது. கூட்டமாக வந்தால் சூரியனே மறையும். கோதுமை, காய்கறி எல்லாம் போகும். மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போவதால் அடுத்த வருஷப் பயிருக்கும் ஆபத்து. தகரத்தில் தார் பூசி வயலில் இழுத்து, ஒட்டினதை எரித்துப் பார்த்தாங்க. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடும் நிலை நமக்குத் தெரியுமே, அப்படி விதைக் கோதுமைக்கும் வழியில்லாமல் நின்ற குடும்பங்கள் ஏராளம்.

பெயர் யாருடையது?

160 ஏக்கர் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அதில் பெண்ணுக்கு இடம் இருந்தது, யாருக்கு என்று கேளுங்க. 21 வயது நிரம்பிய கல்யாணமாகாத பெண், விதவை, கணவன் விட்டுப்போய் குடும்பத்தைத் தாங்கும் பெண், இவங்க தன் பெயரில் நிலம் கேட்கலாம். அப்படிக் கேட்டு வாங்கி விவசாயம் செய்த நார்வேப் பெண்களும் உண்டு. ஆனால் கணவன் கூடவே இருக்கிற மனைவிக்குக் கிடையாது. நிலம் குடும்பத் தலைவர் பெயரில். 5 வருஷம் முடிவதற்குள் அவர் செத்துப்போனால், அப்போ மனைவி பெயருக்கு வரும்.

அதாவது வேலியில் பாதி, களத்தில் பாதி, கொட்டிலில் முக்கால்வாசி அந்தப் பெண்ணின் உழைப்பு. பத்திரத்தில் பார்த்தால் அப்படி ஒருத்தி இருந்ததாகவே தெரியாது.

குரோ பத்துப் பிள்ளைகளைப் பெற்றாங்க. பத்தாவது பிரசவத்தோடு 1878இல் இறந்துபோனாங்க. வயசு 40கூட ஆகலை. பிறந்த ஊரையும் அம்மா அப்பாவையும் கப்பல் ஏறின பிறகு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவங்க போன பிறகு ஊலே பிள்ளைகளோடு இன்னும் மேற்கே, டக்கோட்டா பகுதிக்குக் குடிபெயர்ந்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? நில ஆபீஸ் பதிவு சொல்லவில்லை. அரசாங்கக் கணக்கு சொல்லவில்லை. வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கின பிறகு, அந்த அம்மா உட்கார்ந்து எழுதின கடிதங்கள் சொல்லுது. நார்வேக்குப் போன அந்தக் கடிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாங்க. 1950இல் நார்வே அமெரிக்க வரலாற்றுச் சங்கம் அவற்றைப் புத்தகமாகவே கொண்டுவந்தது. குடியேறின பெண்களின் வாழ்க்கையை எழுதுகிற எல்லாரும் இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்கிறாங்க.

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். செய்த வேலையைச் சொல்லாவிட்டால் அது நடந்ததாகவே கணக்கில் வராது. குரோ பால் கெட்டுப்போனதையும் எழுதினாங்க, பயந்ததையும் எழுதினாங்க. சின்ன விஷயம் என்று விடவில்லை.

கூட்டம் முடியும்போது தீர்மானப் புத்தகம் உங்க கைக்கு வரும். கையெழுத்தோடு நிறுத்தாதீங்க. இந்த மாசம் எத்தனை நாள் களை எடுத்தோம், எத்தனை லிட்டர் பால் ஊத்தினோம், பணம் யார் கைக்குப் போச்சு, ஒவ்வொருத்தரும் இரண்டு வரி எழுதுங்க. எழுத வராதவங்க பக்கத்தில் இருக்கிறவங்களிடம் சொல்லி எழுதச் சொல்லுங்க. கீழே உங்க பெயரைப் போடுங்க. கணவர் பெயரை இல்லை, உங்க பெயரை.